பழைய வட்டாரப் பொருளாதாரத் தரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாநிலத்தின் ஐம்பது ஆண்டு உற்பத்தி எண்களை இன்று பத்தே நிமிடத்தில் இறக்கிவிடலாம். வம்பு அதற்குப் பிறகுதான். ஒரே பெயருக்கு நேராக எண்கள் வரிசையாக நின்றால், எல்லாம் ஒரே பொருளை அளந்தவை என்று கண் நம்பிவிடும். நடுவில் எல்லை மாறியிருக்கும், தொழில் வகைப்பாடு மாறியிருக்கும், அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டின் விலையில் கணக்கிடுகிறார்கள் என்பது) மாறியிருக்கும். பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

எல்லையைக் கவனிக்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிரிந்தது. ‘ஆந்திரப் பிரதேசம்’ என்ற வரி சில அட்டவணைகளில் ஒருங்கிணைந்த மாநிலம், சிலவற்றில் மிச்சப் பகுதி மட்டும். எந்த ஆண்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறார்கள் என்பது அட்டவணைக்கு அட்டவணை வேறுபடும்; அடிக்குறிப்பைப் படிக்காமல் தெரியாது. ஒன்று இரண்டாகப் பிரிந்திருந்தால் வழி எளிது: பிந்தைய ஆண்டுகளில் இரண்டையும் கூட்டிப் பழைய எல்லைக்கே கொண்டுபோங்கள். பல பழைய பகுதிகளைக் குறுக்கே வெட்டிப் புதியவை அமைந்திருந்தால் கூட்டல் உதவாது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் எட்டு கவுண்டிகளுக்குப் (மாவட்டம் போன்ற பிரிவுகளுக்கு) பதிலாக ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களை 2022-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஏற்றுக்கொண்டது. பழைய எல்லையும் புதிய எல்லையும் பொருந்தாது. அங்கே பழைய பகுதியின் எண்ணில் எவ்வளவு பங்கு எந்தப் புதிய பகுதிக்கு என்று எடை போட்டுப் பங்கிட வேண்டும். வருமானத்துக்கு மக்கள்தொகை எடை, சாகுபடிக்கு நிலப்பரப்பு எடை. ஒவ்வொரு பழைய பகுதியின் எடைகளும் சேர்ந்து சரியாக 1 வர வேண்டும். இந்திய மாவட்டங்களுக்கு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் தரவுத்தளம் 1966 எல்லைக்கே பங்கிட்ட வடிவத்தைத் தருகிறது. அதை எடுத்தால் அந்தப் பங்கீடும் ஒரு மதிப்பீடுதான் என்பதை மறக்கக் கூடாது.

அதே கனெக்டிகட்டின் வட்டாரக் குறியீட்டு எண்கள் 09 என்று தொடங்கும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் 09110 என்பது 9110 ஆகிவிடும். பிறகு இன்னொரு அட்டவணையோடு இணைத்தால் ஒரு வரியும் பொருந்தாது. பல கருவிகளில் பிழைச் செய்தியும் வராது, வெற்றிடம்தான் வரும். ‘டேட்டா’ மெனு வழியாக இறக்குமதி செய்து, ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வில் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். அப்போது கேள்வி வந்தால் ‘ரீப்ளேஸ் கரண்ட்’ கொடுக்க வேண்டும். ‘ஆட் நியூ ஸ்டெப்’ கொடுத்தால், எக்செல் தானாகவே எண்ணாக மாற்றியபோது போன பூஜ்யம் திரும்பாது. இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்ப்பது கால் நிமிட வேலை.

தொடர்களை ஒட்டவைப்பது அடுத்த பொறி. அமெரிக்காவின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் தரும் மாநில உற்பத்திக் கணக்கில் 1963 முதல் 1997 வரை எஸ்ஐசி என்ற பழைய தொழில் வகைப்பாடு, 1997 முதல் நெய்க்ஸ் என்ற புதிய வகைப்பாடு. பழையதில் நாளிதழ் வெளியீடு உற்பத்தித் தொழிலில் இருந்தது. புதியதில் தகவல் துறைக்குப் போய்விட்டது. அப்படியே கீழே ஒட்டினால், ஒரே ஆண்டில் ஆலைகள் சுருங்கிவிட்டதுபோல் வரைபடம் காட்டும். இரு தொடரிலும் உள்ள ஆண்டுதான் கைப்பிடி. பழைய தொடரில் அந்த ஆண்டு 80, புதியதில் 84 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 1.05, முந்தைய ஆண்டுகளை எல்லாம் அதால் பெருக்குங்கள். மொத்த உற்பத்திக்கு இது ஓரளவு தாங்கும். துறைவாரியாகச் செய்தால் துறைகளின் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போகாது. துறை ஒப்பீட்டை 1997-லேயே வெட்டிக்கொள்வது நேர்மை. இந்திய மாநிலக் கணக்குகளின் 2004-05, 2011-12 அடிப்படை ஆண்டுத் தொடர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் டிஎஸ்வி (டேப் குறியால் பிரித்த) கோப்புகளில் ஒரே கட்டத்துக்குள் எண்ணும், இடைவெளி விட்டு ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்தே இருக்கும். தற்காலிக எண், மதிப்பீடு, தொடர் முறிவு ஆகியவற்றை அந்த எழுத்து சொல்கிறது. தரவு இல்லை என்றால் முக்காற்புள்ளி. எண்ணாக மாற்ற முடியாததை வெற்றிடமாக்கச் சொல்லி நிரலுக்குக் கட்டளை கொடுத்தால், எழுத்து ஒட்டிய எண்கள் எல்லாம் காணாமல் போகும். அதாவது நீங்கள் நிதானித்துப் பார்க்க வேண்டிய ஆண்டுகளே போகும். முதலில் இடைவெளியில் பிரித்து இரண்டு நெடுவரிசையாக்குங்கள். அமெரிக்கக் கவுண்டி அட்டவணைகளில் அடைப்புக்குள் வரும் ‘டி’ என்பது நிறுவன ரகசியம் காக்க மறைத்த எண். அதைப் பூஜ்யமாக்குவது மிகச் சிறிய கவுண்டிகளை ஏழையாக்கும் வேலை.

அலகையும் பாருங்கள்: அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகத்தின் அட்டவணைகளில் கவுண்டி உற்பத்தி ஆயிரம் டாலரில், மாநில உற்பத்தி பத்து லட்சம் டாலரில். சங்கிலி முறையில் (ஆண்டுக்கு ஆண்டு எடையை மாற்றி) விலையேற்றத்தை நீக்கிய எண்களை வட்டாரவாரியாகக் கூட்டினால் தேசிய மொத்தம் வராது. அது உங்கள் பிழை அன்று, அந்த முறையின் இயல்பு. தலைக்கு உற்பத்தி என்பது தலைக்கு வருமானமும் அன்று. வாஷிங்டன் டிசியின் எண் வானளாவ நிற்பதற்கு ஒரு காரணம், அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் பக்கத்து மாநிலங்களில் குடியிருப்பது. உற்பத்தி வேலையிடத்தில் கணக்காகிறது, தலை எண்ணிக்கை வீட்டில்.

கடைசியாக, இறக்கிய தேதி. 2013 ஜூலையில் அமெரிக்கா ஆராய்ச்சிச் செலவை முதலீடாகக் கணக்கிடத் தொடங்கியபோது தேசியத் தொடர் 1929 வரை பின்னோக்கித் திருத்தப்பட்டது. எனவே மூலக் கோப்பைத் தொடாமல் தனிக் கோப்புறையில் வையுங்கள். பெயரில் அட்டவணை எண்ணையும் தேதியையும் சேருங்கள். மறந்துவிட்டால், செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வின் ஆல்ஃபிரெட் தளத்தில் சில தொடர்களின் பழைய வடிவங்கள் தேதிவாரியாகக் கிடைக்கும். பெரும்பாலான வட்டாரத் தளங்கள் பழையதன் மேலேயே திருத்தியதை எழுதிவிடும். பழையது உங்கள் கோப்புறையில் மட்டும்தான் இருக்கும்.