ஒரு சாஃப்ட்வேர் போட எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லணும்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் லேப்டாப்பில் ஒரு வீடியோ ப்ளேயர் போட்டுத் தர நூறு ரூபாய் கேட்கிற கடைகள் உண்டு. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். போனில் பிளே ஸ்டோரைத் திறந்து ஒரே தட்டில் ஆப் போட்டுக்கொள்கிறவர், லேப்டாப் என்றதும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்றால், இன்ஸ்டாலர் (சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கிற ஃபைல்) எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். பதில் தெரியாத கேள்வியை நம்மிடம் கேட்கிற இன்ஸ்டாலர் அரைவேக்காடு என்பது என் கட்சி. அவர்கள் திருந்தும்போது திருந்தட்டும். அதுவரை நம் வேலையை நாமே முடித்துக்கொள்வோம்.

பழகுவதற்கு வி.எல்.சி. ப்ளேயரை எடுத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் வாங்கிவந்த கல்யாண வீடியோவில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதைப் போட்டாலே சரியாகிவிடும். இலவசம், விளம்பரமும் கிடையாது. 1996இல் பாரிஸ் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை இது. புதுச்சேரிக்காரர்கள் வேண்டுமானால் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்.

படி 1: சரியான இடத்துக்குப் போவது

பாதிப்பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கூகுளில் வி.எல்.சி. டவுன்லோடு என்று தேடினால் மேலே விளம்பரம் வரலாம். விளம்பரம் என்பதைப் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டால் வேறு யாரோ நடத்துகிற பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அங்கே டவுன்லோடு என்று பச்சைப் பச்சையாய் மூன்று பட்டன்கள் மின்னும். மூன்றுமே வேறு எதையாவது இறக்கும். அதனால் தேடவே வேண்டாம். வி.எல்.சி.யைத் தருகிற அமைப்பின் பெயர் வீடியோலேன். ப்ரௌசரின் மேல்பட்டியில் வீடியோலேன் டாட் ஆர்க் (videolan.org) என்று ஆங்கிலத்தில் நேராக டைப் செய்யுங்கள். ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பு படம் தெரிந்தால் சரியான இடம்.

படி 2: இறக்குவது

பெரிய டவுன்லோடு பட்டனை அமுக்குங்கள். பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் 64 பிட், ஜிப், எம்.எஸ்.ஐ., ஆர்ம் என்று பட்டியல் நீளும். அந்தப் பக்கமே போகாதீர்கள். சில நொடிகளில் தானாக இறங்கத் தொடங்கும். நன்கொடை கேட்பார்கள், கட்டாயமில்லை. அளவு சுமார் 40 எம்.பி.தான், போன் ஹாட்ஸ்பாட்டிலேயே முடிந்துவிடும்.

வேறு சாஃப்ட்வேர் இறக்கும்போது சில தளங்கள் உங்கள் விண்டோஸ் 32 பிட் வகையா 64 பிட் வகையா என்று கேட்கும். விண்டோஸ் 11 என்றால் யோசிக்கவே வேண்டாம், 64 பிட்தான், 32 பிட்டில் அது வெளிவரவே இல்லை. விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் சிஸ்டம் டைப் என்ற வரியில் விடை இருக்கும். (கம்ப்யூட்டருக்கே தெரிந்த விஷயத்தை நம்மிடம் எதற்குக் கேட்கிறார்கள்?)

படி 3: அனுமதி கேட்கும் பெட்டி

இறங்கிய ஃபைலை இரண்டு முறை க்ளிக் செய்தால் திரை மங்கி ஒரு பெட்டி வரும். இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா என்று கேட்கும். நிறையப் பேர் படிக்காமலே எஸ் அமுக்குவது இதில்தான். அமுக்குமுன் ஒரே ஒரு வரியைப் பாருங்கள்: வெரிஃபைடு பப்ளிஷர் என்ற இடத்தில் வீடியோலேன் என்று இருக்க வேண்டும். வேறு பெயரோ, அன்நோன் என்றோ இருந்தால் நோ கொடுத்துவிட்டு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். மொத்த வேலையிலும் நியாயமான கேள்வி இது ஒன்றுதான்.

படி 4: நெக்ஸ்ட், நெக்ஸ்ட்

மொழி கேட்கும், ஓகே. வரவேற்பு, நெக்ஸ்ட். லைசென்ஸ், நெக்ஸ்ட். அடுத்து வரும் பட்டியலில்தான் ஆள் நின்றுவிடுவார். முதுநகரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இந்த இடத்தில் எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, மொசில்லா ப்ளகின்னு ஒண்ணு, ஆக்டிவ்எக்ஸ்னு ஒண்ணு இருக்கு. டிக் எடுக்கணுமா, இருக்கட்டுமா?"

"எதையும் தொடாதீங்கக்கா. நெக்ஸ்ட் குடுங்க."

"தப்பாயிடுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா."

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ப்ளகின் என்பது ப்ரௌசருக்குள்ளேயே வீடியோ ஓட்டுவதற்கான ஒட்டு. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ப்ரௌசர் அந்த மாதிரி ப்ளகின்களை ஏற்பதை 2017 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் கல்யாண வீடியோ பார்க்க வந்தவரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வி.எல்.சி. நல்ல சரக்குதான், அதன் இன்ஸ்டாலர்தான் பழைய காலத்திலேயே நிற்கிறது.

ஆனால் எதையும் தொடாதே என்பது எல்லா இன்ஸ்டாலருக்கும் பொருந்தாது. சில இலவச சாஃப்ட்வேர்கள் சந்தடி சாக்கில் ஏதாவது ஒரு ஆன்டிவைரஸையோ ப்ரௌசரையோ சேர்த்துப் போடும், டிக்கும் முன்கூட்டியே அடித்திருக்கும். கேட்காத பொருளின் பெயர் கண்ணில் பட்டால் அந்த டிக்கை எடுத்துவிட்டு மேலே போங்கள். ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் பண்ணு என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டி.டி.பி. வேலைக்கு க்ராக் சாஃப்ட்வேர் (காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த சரக்கு) தேடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

படி 5: முதல் முறை திறப்பது

பிரைவசி பற்றி ஒரு பெட்டி வரும், கன்டினியூ. அதற்குப் பிறகும் வீடியோ பழைய ப்ளேயரிலேயே திறந்தால், ஃபைல் மேல் ரைட் க்ளிக், ஓப்பன் வித், வி.எல்.சி.யைத் தேர்ந்தெடுத்து ஆல்வேஸ் கொடுங்கள்.

இன்ஸ்டால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் தமிழ் விசைப்பலகையைக் காட்டுவேன். தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையை 1999இல் ஏற்றுக்கொண்டது. அதைப் பயன்படுத்த இருபது வருடம் தனியாக ஏதாவது ஒரு சாஃப்ட்வேரைத் தேடி இறக்க வேண்டியிருந்தது. 2019இல் விண்டோஸ் 10க்கு வந்த அப்டேட்டோடு அது உள்ளேயே வந்துவிட்டது. செட்டிங்ஸில் டைம் அண்டு லாங்குவேஜ் போய், மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் ஆட் எ கீபோர்டு கொடுத்தால் தமிழ் 99 தெரியும். பிறகு விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அமுக்கினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். இறக்குகிற தளம் எது என்ற கவலை கிடையாது, ப்ளகின் கேள்வியும் கிடையாது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களுக்கு வி.எல்.சி. போடுவது இன்னும் சுருக்கம். மெனுவில் சாஃப்ட்வேர் மேனேஜர் திறந்து, பெயரைத் தேடி, இன்ஸ்டால் அமுக்கி, பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்தது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதால் போலிப் பச்சை பட்டன்களுக்கு வேலையில்லை. இந்த ஏற்பாட்டை ஐபோன்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்தது 2008இல். லினக்ஸின் இன்னொரு வகையான டெபியனில் ஆப்ட் என்ற பெயரில் 1999இலேயே இது வந்துவிட்டது, என்ன, கறுப்புத் திரையில் கட்டளை டைப் செய்ய வேண்டும். மின்டும் முழுச் சுத்தம் இல்லை. சில சாஃப்ட்வேருக்கு சிஸ்டம் பேக்கேஜா ஃப்ளாட்பேக்கா (ஒரே சாஃப்ட்வேரின் இரண்டு விதப் பொட்டலம்) என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். முதலில் காட்டுவதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கழற்றுவது எப்படி என்றும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ், பெயருக்கு நேரே மூன்று புள்ளி, அன்இன்ஸ்டால். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானை மட்டும் அழித்தால் சாஃப்ட்வேர் போகாது. சில சாஃப்ட்வேர்கள் போகும்போது ப்ரௌசரைத் திறந்து ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று கேள்வித்தாள் நீட்டும். பதில் எழுதிக்கொண்டிருக்காமல் அந்த டேபை மூடிவிடுங்கள்.