அயித்தையின் சார்ஜர் சிக்கல்

கோலாலம்பூரிலிருந்து காரைக்குடி வந்த அயித்தையின் போன், ராத்திரி முழுக்கச் சொருகியிருந்தும் காலையில் பாதி சார்ஜில்தான் நிற்கும். கேபிளை மாற்றினோம். 'வோல்டேஜ் கம்மி' என்றார் எலக்ட்ரீஷியன், ஸ்டெபிலைசரும் வந்தது. சார்ஜரிலேயே 100–240 வோல்ட் என்று, அதாவது அதற்குள் எந்த வோல்டேஜும் போதும் என்று அச்சிட்டிருக்க, ஸ்டெபிலைசர் எதற்கோ!

விஷயம் சாக்கெட்டில். கட்டிலோரம் இருந்தது ஏ.சி.க்கான 16 ஆம்பியர். அயித்தை கொண்டுவந்த இரண்டு பின் அடாப்டரின் செருகு கம்பி 4 மி.மீ. தடிமன், அந்தத் துளை 7 மி.மீ. கம்பிக்கானது. லேசாகக் கை பட்டாலே தொடர்பு விட்டுப்போகும்.

எலக்ட்ரிக்கல் கடையில், மலேசியாவின் தட்டைப் பின் அப்படியே ஏறுகிற மூன்று பின் அடாப்டர் வாங்கி, 6 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டோம். கச்சிதமாக உட்கார்ந்தது, அப்பாடா. சாக்கெட் பக்கத்து சுவிட்சையும் போட வேண்டும். ஹேர் டிரையரை மட்டும் அந்த அடாப்டரில் மாட்டாதீர்கள், தாங்காது.