பான்டிங் தொடங்கிய நாலாம் நாள் தலை மந்தமா? முதலில் உப்பைப் பாருங்கள்

டர்பனில் ஒரு பெட்ரோல் பங்க். இங்கே பணியாள்தான் பெட்ரோல் போடுவார், கார்டு மெஷினையும் ஜன்னலுக்கே கொண்டுவந்து நீட்டுவார். ஆறு வருஷமாக மாற்றாத பின் நம்பர் எனக்கு. மூன்றாவது எண் வரவே இல்லை. இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பின்னால் நின்ற பக்கி ஹாரன் அடித்தது (திட்டவில்லை, பிக்கப் வண்டிக்கு இங்கே பக்கி என்றுதான் பேர்). சோற்றையும் ரொட்டியையும் நிறுத்தி அன்றைக்கு நாலாவது நாள்.

மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாட்டைத் தென்னாப்பிரிக்காவில் ‘பான்டிங்’ என்பார்கள். 1863-இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் தான் இளைத்த கதையைச் சின்ன வெளியீடாக அச்சடித்தார். நூற்றைம்பது வருஷம் கழித்து அந்தப் பேரை இங்கே வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் கேப் டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ். ஒரு ட்வீட்டுக்காக அவர்மேல் விசாரணை நடந்து, 2017-இல் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது தனிக்கதை. அந்தச் சாப்பாடு நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. தொடங்கிவிட்டீர்கள், தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, வேலைக்கும் போயாக வேண்டும். அதற்கு என்ன வழி என்பதுதான் இங்கே.

படி 1: மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகாதீர்கள். டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். அப்போது வரும் குழப்பமும் மந்தம் போலத்தான் இருக்கும். கூடவே வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. உடனே விரலில் குத்திப் பாருங்கள். இங்குள்ள மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும். 4-க்குக் கீழே போனால் அங்கே உப்புக்கு வேலையில்லை, சர்க்கரைதான் வேண்டும். டயட் கெட்டுப்போகுமே என்று யோசிக்காமல் ஜூஸைக் குடியுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் டாக்டர் சம்மதமில்லாமல் இந்தச் சாப்பாட்டைத் தொடவே கூடாது. மீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிப்போகும் ஆபத்து இருக்கிறது. பிரஷர் மாத்திரைக்காரர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டி வரலாம்; அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 2: ஒரு நோட்டு

மூன்றே பத்தி போதும்: என்ன சாப்பிட்டேன், எப்போது மந்தம் வந்தது, எப்போது விலகியது.

படி 3: உப்பு

ஏன் மந்தம்? மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கும். மாவுச்சத்து குறைந்தால் கல்லீரல், கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைச் செய்து கொடுக்கும், ஆனால் அந்த அடுப்பு சூடேறச் சில நாள் பிடிக்கும். இதை எல்லாரும் சொல்வார்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று உண்டு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விடும், தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும். உடம்பில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது அந்தத் தண்ணீரும் போகிறது. முதல் வாரம் எடை மளமளவென்று குறைவதில் பெரும்பங்கு இதுதான். கொழுப்பு என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள், நானும் பட்டேன்.

அன்று பெட்ரோல் பங்கிலிருந்து நேராகப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போய் உட்கார்ந்தேன். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டுவிட்டு, “ப்ரெட்டையும் விட்டுட்டே, சோத்துக்கு ஊத்துற கறியையும் விட்டுட்டே, உனக்கு உப்பு எங்கேருந்து வரும்?” என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நாட்டில் ஜனங்களுக்கு உப்பு வருகிற பெரிய வழிகளில் ஒன்று கடை ரொட்டி. அரசாங்கமே 2016-இலிருந்து ரொட்டியில் எவ்வளவு சோடியம் இருக்கலாம் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறது. நான் ரொட்டியை விட்டபோது, சொல்லாமல் கொள்ளாமல் உப்பையும் விட்டிருந்தேன். அதற்குமேல் டர்பன் வெயிலில் வியர்வை.

ஆன்ட்டி கொடுத்தது மிளகுத்தண்ணி. நாம் ரசம் என்போம். ஒருவருக்கு அளவு இதோ:

நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மிளகு அரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், மூன்று பல் பூண்டு, மூன்றையும் கொரகொரப்பாகத் தட்டிப் போடுங்கள். பருப்பு வேண்டாம். நுரை கட்டி வரும்போது, கொதிக்க விடாமல் இறக்குங்கள். கடுகு, கிள்ளின மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள். காலையில் ஒரு கப், மதியம் மூன்று மணிக்கு ஒரு கப்.

எனக்கு அரை மணி நேரத்தில் தலை தெளிந்தது. பின் நம்பரும் வந்தது, கேட்கத்தான் ஆளில்லை. எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் உப்பும் தண்ணீரும் பற்றவில்லை என்று சந்தேகப்படலாம். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது இதற்கு மருந்தாகாது, இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும்.

பிரஷர், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் படி கிடையாது. மற்றவர்களுக்கும் இது முதல் ஓரிரு வாரத்து ஏற்பாடு மட்டுமே. கடையில் விற்கும் பொட்டாசியம் உப்பைத் தன்னிஷ்டத்துக்கு வாங்கிப் போடாதீர்கள். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பொட்டாசியத்துக்கு அவகாடோ இருக்கிறது, மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கீரை இருக்கிறது. மெக்னீசியத்துக்குப் பூசணி விதை, பாதாம்.

படி 4: ராய்போஸ் செய்யும் வேலை

சர்க்கரை போட்ட டீயை விட்டுவிட்டு ராய்போஸ் என்ற இந்த ஊர் மூலிகை டீக்கு மாறுவது இங்கே வழக்கம். ராய்போஸில் கஃபீன் கிடையாது. தினம் நாலு டீ குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் மந்தமும் வராமல் என்ன செய்யும்? பழி பான்டிங் மேல் விழும். சர்க்கரையை மட்டும் விடுங்கள். டீ இருக்கட்டும்.

படி 5: தட்டு காலியாக இருக்கக் கூடாது

ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் டர்பன் ‘பன்னி சௌ’வைக் கால் ரொட்டி அளவில் வாங்கினால், ரொட்டி மட்டுமே சுமார் 80 கிராம் மாவுச்சத்து. ஒரு கப் சோற்றில் 45. அவ்வளவையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் அது பட்டினிதான். மட்டன் கறியை அதன் எண்ணெயோடு காலிஃபிளவர்மேல் ஊற்றிச் சாப்பிடுங்கள். முட்டை, மத்தி மீன், நெய். பையில் கொஞ்சம் பில்டாங். உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு உலர்த்திய மாட்டிறைச்சி அது. மாடு சாப்பிடாதவர்கள் கோழி பில்டாங் கேளுங்கள். லேபிளில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புரட்டாசியில் தொடங்கவே தொடங்காதீர்கள். கறி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல் சோறும் இல்லையென்றால் மிச்சம் காற்றுதான். காவடி விரதத்துக்கும் இதே பேச்சு.

படி 6: நாளைத் தேர்ந்தெடுங்கள்

மந்தம் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து தலைகாட்டும், ஒரு வாரம் போல இருக்கும். புதன் அல்லது வியாழன் தொடங்கினால் மோசமான நாட்கள் சனி, ஞாயிறில் விழும். நான் திங்கட்கிழமை தொடங்கிய அறிவாளி. அந்த வாரம் நெடுந்தூரம் கார் ஓட்டாதீர்கள், ஓடவும் வேண்டாம். நடக்கலாம்.

படி 7: மூன்று வாரம் ஆகியும் விலகவில்லையா?

இரண்டு வழி. ஒன்று, கொஞ்சம் மாவுச்சத்தைத் திரும்பக் கொண்டு வருவது. நான் ராத்திரி ஒரு சின்ன மடும்பி சேர்த்துக்கொள்கிறேன். நம்மூர் சேப்பங்கிழங்குதான், இங்கே அந்தப் பேர். பான்டிங் போலீஸ் யாரும் வீட்டுக்கு வரவில்லை.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. தைராய்டு, இரும்புச்சத்து, பி12. வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் சைவக்காரர்களுக்கும் பி12 குறைவது சகஜம், அதுவும் தலையை மந்தமாக்கும். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், விடாத வாந்தி இருந்தால் மூன்று வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி டாக்டரிடம் போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். “எப்போதிலிருந்து இப்படி?” என்று அவர் கேட்கும்போது, அந்த மந்தத் தலையை வைத்துக்கொண்டு உங்களால் பதில் சொல்ல முடியாது.