உள்ளியக்க உளச்சிகிச்சையில் மாற்றத்தை எப்படிக் கண்டுகொள்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஆலோசகராக அமர்பவரிடம் குடும்பத்தார் முதலில் கேட்பது, "எத்தன வாரத்துல சரியாகும்?" என்பதுதான். தூக்கம் திரும்பியதா, குடி குறைந்ததா என்று அவர்கள் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளியக்க உளச்சிகிச்சையில், அதாவது ஒருவரை அவர் அறியாமலே இயக்கும் உணர்வுகளைப் பேசித் தெளியும் சிகிச்சையில், பயிற்சி பெறும் நீங்கள் வேறொன்றையும் கவனிக்கப் பழக வேண்டும். ஒருவர் தம்மையறியாமல் எல்லாரிடமும் திரும்பத் திரும்ப நடந்துகொள்ளும் விதம், உங்கள் அறைக்குள்ளும் அப்படியே நடக்கும். அது எப்போது சற்றே வழி மாறுகிறது என்பதுதான் மாற்றத்தின் தடயம்.

முதலில் அந்த விதத்தை எழுதி வையுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு சம்பவத்திலும் மற்றவரிடம் அவர் எதை விரும்பினார், மற்றவர் எப்படி நடந்துகொண்டதாக உணர்ந்தார், அதற்கு அவர் என்ன செய்தார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இது அமெரிக்க உளவியலாளர் லெஸ்டர் லுபோர்ஸ்கி 1970களில் வகுத்த வழி. மனைவியோடும் மேலாளரோடும் தம்பியோடும் நடந்தவை ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தால், நீங்கள் பின்தொடர வேண்டியது அந்த அச்சைத்தான்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். (பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து உருவாக்கியவர் இவர், சின்ன ஊரில் லாரியின் நிறத்தைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.) பலகைத் தடுப்பு வைத்த லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வளர்ந்தவர், சிறு வயதில் அழுதபோதெல்லாம் "பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்று அப்பாவால் அடக்கப்பட்டவர். ஒரு நாள் நீங்கள் பதினைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்குகிறீர்கள். "பரவாயில்லைங்க ஐயா" என்று சிரிக்கிறார். அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. நினைவுக்கு வராதது செயலாகத் திரும்ப நடக்கிறது என்று உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1914இல் எழுதியது இதைத்தான். சொல்லாத கோபம் காலி நாற்காலியாக வந்திருக்கிறது.

அவர் திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டு விஷயத்தை மூடிவிடாதீர்கள். தாமதத்துக்கும் வராமைக்கும் தொடர்பு இருக்குமோ என்று மெதுவாகக் கேளுங்கள். உணர்வு சிகிச்சையாளர் மீதே உயிரோடு இருக்கும் நேரத்தில், தாம் அஞ்சிய உருவமும் எதிரில் இருப்பவரும் வேறு வேறு என்று அவர் காண்பதே மாற்றத்தை உண்டாக்கும் என்றார் ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர் ஜேம்ஸ் ஸ்ட்ராச்சி, 1934இல். எவ்வளவு ஆழமாகச் சொல்வது என்பதற்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவரின் கையைப் பாருங்கள். பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் வடியும். கத்தி ஆழ இறங்கினால் மரம் காயப்பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும்.

தன்னைப் பற்றிய தெளிவு மாற்றுகிறதா, உறவின் அனுபவம் மாற்றுகிறதா என்ற வாதம் பழையது. உளப்பகுப்பாய்வாளர்கள் ஃபிரான்ஸ் அலெக்சாண்டரும் தாமஸ் ஃபிரெஞ்சும் 1946இல் இரண்டாவதை முன்னிறுத்தி, பழைய காயத்தைத் திருத்தும் உணர்வனுபவம் வேண்டும் என்றனர். அறைக்குள் இவை இரண்டும் ஒன்றாகவே வருகின்றன என்பது என் கருத்து. ஆனால் அதற்காக அந்த ஓட்டுநரின் அப்பாவுக்கு நேர்மாறானவராக நடிக்க முற்படாதீர்கள். நடிப்பை அவர் உடனே கண்டுகொள்வார்.

மாதங்கள் கழித்துத் தைப்பூச வாரத்தில் விடுப்பு எடுக்கிறீர்கள். அடுத்த அமர்வில் அவர் பக்கத்து அறைச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "போன வாரம் நீங்க லீவு எடுத்தது எனக்குக் கோவமா இருந்துச்சு" என்கிறார். அன்றைய குறிப்பில் இந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். சுவரைப் பார்த்ததையும் எழுதுங்கள். மறுவாரம் தவறாமல் வந்தாரா என்பதையும் சேருங்கள். தூக்கம் அந்த வாரம் இன்னும் கெட்டிருக்கலாம். அதை வைத்துச் சிகிச்சை பின்வாங்கிவிட்டதென்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பழைய விதம் பலமுறை திரும்பும், ஒவ்வொரு முறையும் அதைப் பேசியே கடக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்வதை அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஷெட்லர் 2010இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஆகவே எல்லாம் தீரும்வரை பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை. முடிவுத் தேதியை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டு "பரவாயில்லைங்க ஐயா" என்றால், மிச்சமுள்ள வாரங்களில் பேச வேண்டியது அந்தச் சொல்லைப் பற்றித்தான்.