ஜப்பானிய எழுத்தில் வரும் குறிகள்: 。 முதல் 〒 வரை, படிப்படியாக

ஜப்பானியத்தின் ஒலியெழுத்துகளான ஹிரகானாவும் கட்டகானாவும் கைக்கு வந்துவிட்டன, சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளும் சில தெரியும் என்ற நிலையில் முதல் பத்தியை எழுத உட்காருபவர்களுக்கு இந்தப் பதிவு. ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. தமிழில் இடைவெளி செய்யும் வேலையில் ஒரு பங்கைக் குறிகள்தான் அங்கே சுமக்கின்றன. அதனால் ஒரு குறி இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

ஜப்பானியச் சொற்களின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தர முடியும். ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: விசைப்பலகையைத் தயார் செய்யுங்கள்

விண்டோஸ் அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' பகுதிக்குப் போய் ஜப்பானிய மொழியைச் சேருங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். கீழ்ப்பட்டையில் ஹிரகானா 'அ' தெரிந்தால் எல்லாம் சரி. ஆங்கில 'ஏ' தெரிந்தால் நீங்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஹிரகானா நிலையில் ஆங்கில முற்றுப்புள்ளி விசை 。 தரும், கமா விசை 、 தரும். சதுர அடைப்பு விசைகள் இரண்டும் 「 」 தரும். சாய்கோட்டு விசை ・ தரும். பூஜ்யத்துக்கு வலப்பக்கம் உள்ள கழித்தல் விசை ー தரும். இந்த ஆறும் விரலில் பழகிவிட்டால் அன்றாட எழுத்துக்குப் பெரும்பாலும் போதும்.

மற்றவற்றைப் பெயரைத் தட்டி ஸ்பேஸ் அழுத்தி வரவழைக்கலாம். 'கக்கோ' என்று ஹிரகானாவில் தட்டினால் எல்லா அடைப்புக்குறிகளும் வரிசையாக வரும். 'கொமெ' என்றால் ※, 'யூபின்' என்றால் 〒, 'ஒனஜி' என்றால் 々. எதுவும் நினைவில் இல்லையென்றால் 'கிகோ' (குறி) என்று தட்டிப் பட்டியலில் தேடுங்கள். கூகுளின் ஜப்பானிய உள்ளீட்டில் இன்னொரு குறுக்கு வழி உண்டு: இசட் விசையை அடித்து உடனே சதுர அடைப்பை அடித்தால் 『 』, முற்றுப்புள்ளியை அடித்தால் … வரும்.

இங்கே பலரும் தடுமாறுவது அகலத்தில்தான். ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழுச் சதுரம். இதை 'ஸென்கக்கு' (முழு அகலம்) என்பார்கள். ஆங்கில எழுத்துகளின் அகலம் 'ஹன்கக்கு' (அரை அகலம்). குறிகளும் முழுச் சதுரத்தையே எடுத்துக்கொள்ளும், அந்தச் சதுரத்துக்குள்ளேயே தேவையான வெற்றிடம் இருக்கும். எனவே 。 போட்ட பிறகு ஸ்பேஸ் தட்டாதீர்கள். தட்டினால் வரிக்கு நடுவே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும், எழுதியவர் புதியவர் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

படி 2: 。 வாக்கியத்தை முடிப்பது

இதன் பெயர் 'குத்தென்', பேச்சில் 'மாரு' (வட்டம்). கிடைமட்ட எழுத்தில் சதுரத்தின் கீழ் இடது மூலையில் சிறு வட்டமாக நிற்கும். செங்குத்து எழுத்தில் மேல் வலது மூலைக்குப் போய்விடும். கையால் எழுதும்போது பூஜ்யம் அளவுக்குப் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள்.

கேள்விக்கும் இதுவே போதும். வாக்கியக் கடைசியில் 'கா' என்ற இடைச்சொல் வந்தாலே அது கேள்வி, தமிழில் 'வந்தாயா' என்பதில் 'ஆ' செய்யும் வேலைதான். அலுவல் கடிதத்தில் 'கா' போட்டு 。 வைப்பதே முறை. கதையிலும் நட்பான மின்னஞ்சலிலும் ？ ！ தாராளமாக வரும். அவற்றுக்குப் பின் இன்னொரு வாக்கியம் தொடர்ந்தால் முழு அகல இடைவெளி ஒன்று விட வேண்டும். ஆனால் அடுத்து 」 வந்தால் இடைவெளி வேண்டாம்.

தலைப்புக்கு 。 கிடையாது. பாராட்டுச் சான்றிதழ், புத்தாண்டு அட்டை, முறையான அழைப்பிதழ் போன்றவற்றில் 。 、 இரண்டையுமே தவிர்ப்பது மரபு. அரட்டைச் செயலிகளிலும் கவனம் வேண்டும். ஒரு வரிச் செய்தியின் கடைசியில் 。 வைத்தால் கடுகடுப்பாகத் தெரிகிறது என்று இளையவர்கள் சொல்வது 2024இல் ஜப்பானில் 'மாருஹரா' என்ற பெயரில் பெரிதாகப் பேசப்பட்டது. நண்பருக்கு அனுப்பும்போது விட்டுவிடலாம். மேலதிகாரிக்கு எழுதும்போது வையுங்கள்.

படி 3: 、 எங்கே வைப்பது

மற்ற குறிகளை ஒரு வாரத்தில் பழகிவிடலாம், 'தோத்தென்' எனப்படும் இந்தக் காற்புள்ளி மட்டும் நாள் பிடிக்கும். கல்வி அமைச்சு 1906இலும் 1946இலும் குறிகளுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. இருந்தும் காற்புள்ளியின் இடம் இன்றுவரை எழுதுபவரின் தீர்ப்புக்கே பெரிதும் விடப்பட்டிருக்கிறது.

முதலில் ஒரு தமிழ் வாக்கியம்: "போலீஸ்காரர் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடிய திருடனை விரட்டினார்." ரத்தம் யாருக்கு? ஜப்பானியமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி என்பதால் இதே குழப்பம் அங்கும் அப்படியே உண்டு:

கேய்ஜி வா சிமமிரே நி நத்தே நிகேரு ஹன்னின் ஓ ஒய்ககேத்தா。

'கேய்ஜி' துப்பறியும் காவலர், 'சிமமிரே நி நத்தே' ரத்தம் தோய்ந்து, 'நிகேரு ஹன்னின்' தப்பியோடும் குற்றவாளி, 'ஒய்ககேத்தா' விரட்டினார். 'கேய்ஜி வா' என்பதன் பின் 、 வைத்தால் ரத்தம் குற்றவாளிக்கு. 'நத்தே' என்பதன் பின் வைத்தால் ரத்தம் காவலருக்கு. இரண்டு இடத்திலும் வைத்தால் மறுபடியும் குழப்பம்தான். இந்த வாக்கியத்தை மூன்று விதமாகவும் எழுதி, சத்தமாக வாசித்துப் பாருங்கள். காற்புள்ளி பற்றிய பாதிப் பாடம் இதிலேயே இருக்கிறது.

தொடக்கத்தில் நம்பி வைக்கக்கூடிய இடங்கள் நான்கு. வாக்கியத்தைத் தொடங்கும் 'ஷிகாஷி' (ஆனால்) போன்ற இணைப்புச் சொல்லுக்குப் பின். 'காரா', 'நோதெ' என்று காரணம் சொல்லி முடியும் தொடருக்குப் பின். நீளமான எழுவாய்ப் பகுதி 'வா'வில் முடியும்போது அதன் பின். பொருட்களை அடுக்கும்போது அவற்றுக்கு நடுவில். 'தோ' (உம்) போட்டு அடுக்கினால் 、 தேவையில்லை.

வைக்கக்கூடாத இடம் தமிழருக்கு எளிதில் புரியும்: பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் நடுவே வேண்டாம். 'நேற்று வாங்கிய, புத்தகம்' என்று எழுதுவோமா? அதே போலத்தான். ஒவ்வொரு வேற்றுமை இடைச்சொல்லுக்கும் பின்னால் ஒன்று வைப்பதும் தவறு, வாசிப்பவருக்கு மூச்சு முட்டும்.

பழைய அரசு ஆவணங்களிலும் பல பாடநூல்களிலும் 、 இருக்க வேண்டிய இடத்தில் ， தென்படும். கிடைமட்டமாக எழுதும் அரசு ஆவணங்களுக்கு 1952இன் வழிகாட்டி ， குறியையே சொன்னது. 2022 ஜனவரியில் வந்த புதிய வழிகாட்டிதான் 、 குறியைப் பொது விதியாக்கியது. நீங்கள் 、 பயன்படுத்துங்கள். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் கலக்காதீர்கள்.

படி 4: 「 」 மேற்கோள்

ஒருவர் பேசியதை 「 」 உள்ளே எழுத வேண்டும். மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் உள்ளே 『 』. புத்தகத் தலைப்புக்கும் 『 』 வரும். தமிழ் ஆங்கில இரட்டை மேற்கோள்குறியை இங்கே கொண்டுவராதீர்கள்.

மூடும் குறிக்கு முன் 。 வைப்பதா? ஜப்பானியப் பள்ளிகளில் 。」 என்று எழுதச் சொல்லித்தருகிறார்கள். அச்சான நாவல்களிலும் செய்தித்தாள்களிலும் பெரும்பாலும் 。 இல்லாமல் 」 மட்டும் இருக்கும். இரண்டுமே சரி. வகுப்புக்கு எழுதினால் ஆசிரியர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

பேச்சு இழுபடும்போதோ பாதியில் நிற்கும்போதோ … வரும். மூன்று புள்ளி கொண்ட இந்தக் குறியை இரண்டாகச் சேர்த்து …… என்று போடுவதே அச்சு வழக்கம். ・ குறியை மூன்று முறை தட்டி ஒப்பேற்ற வேண்டாம்.

படி 5: ー குறியும் உங்கள் பெயரும்

கட்டகானாவில் நெடிலைக் காட்டுவது ー. 'பிரு' என்றால் கட்டடம், நடுவே ー சேர்த்துப் 'பீரு' என்றால் பீர். ஹிரகானாவில் பொதுவாக இந்தக் கோடு வராது, அங்கே நெடிலுக்கு இன்னோர் உயிரெழுத்தைச் சேர்ப்பார்கள். செங்குத்தாக எழுதும்போது இந்தக் கோடும் செங்குத்தாகத் திரும்பிவிடும்.

திரையில் இதற்கு மூன்று போலிகள் உண்டு: 'ஒன்று' என்னும் காஞ்சி 一, முழு அகலக் கழித்தல் －, இடைக்கோடு —. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு நான்கும் வேறு வேறு. தேடினால் கிடைக்கவில்லை, படிவம் ஏற்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தமிழ்ப் பெயரைக் கட்டகானாவில் எழுதும்போது நெடில் வரும் இடத்தில் ー போடலாம். 'குமார்' என்பது கு, ம, அதன்பின் ー, கடைசியில் ரு. பெயரின் இரு பகுதிகளுக்கு நடுவே ・ வரும். தமிழ்நாட்டையே ஜப்பானியர் 'தமிரு・நாடு' என்று நடுப்புள்ளியோடு எழுதுவதைக் காணலாம். ஒருமுறை எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிட்டால் வங்கி, வீட்டு ஒப்பந்தம், கைப்பேசி இணைப்பு எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் ー இருந்து இன்னோரிடத்தில் இல்லையென்றால் இரண்டு பெயர்களாகவே கருதப்படும். படிவம் 'ஸென்கக்கு கட்டகானா' கேட்டால், தட்டிய சொல் அடிக்கோட்டுடன் நிற்கும்போதே எஃப்7 அழுத்துங்கள். எஃப்8 அழுத்தினால் அரை அகலம் வந்து படிவம் மறுத்துவிடும்.

படி 6: ゛ குறியும் சின்ன 'ட்சு'வும்

தமிழ் வாசகர் அதிகம் வழுக்குவது இங்கேதான். தமிழில் ஒரே 'க' சொல்லின் முதலில் வல்லொலியாகவும் நடுவில் மெல்ல அதிர்ந்தும் ஒலிக்கும், இரட்டித்தால் மறுபடி வலிக்கும். நாம் எழுத்தில் எதையும் காட்டுவதில்லை, இடமே சொல்லிவிடுகிறது. ஜப்பானியத்தில் இடம் எதையும் சொல்லாது. எழுத்தின் தோளில் ゛ இருந்தால் அதிரும் ஒலி, இல்லாவிட்டால் வல்லொலி. 'ஹ' வரிசைக்கு மட்டும் கூடுதலாக ゜ உண்டு, அது 'ப' ஒலி தரும்.

'க', 'கி' என்ற இரண்டெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கி' எழுத்தில் ゛ இட்டால் பொருள் சாவி, தமிழில் 'ககி' என்று எழுதினால் ஒலி ஏறக்குறைய வந்துவிடும். ゛ இல்லையென்றால் சீமைப்பனிச்சைப் பழம். அதைத் தமிழில் காட்ட 'கக்கி' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்து ஜப்பானியத்தில் எழுதினால் நடுவே சின்ன 'ட்சு' சேர்ந்துவிடும், அப்போது பொருள் 'உற்சாகம்'. பழம் வேறு, உற்சாகம் வேறு. சின்ன 'ட்சு' வந்தால் ஒரு மாத்திரை நின்று அடுத்த எழுத்தைச் சொல்ல வேண்டும், பழத்துக்கு அந்த நிறுத்தம் இல்லை. எனவே புதுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்யாதீர்கள், ஹிரகானாவிலேயே எழுதிப் பழகுங்கள்.

படி 7: 々 மற்றும் சிறு குறிகள்

முன்னால் உள்ள காஞ்சி திரும்ப வருகிறது என்பது 々. 'ஹிதோபிதோ' (மக்கள்), 'தொகிதொகி' (சில வேளை), 'சசாகி' என்ற குடும்பப் பெயர் எல்லாம் இப்படித்தான். இரண்டாம் முறை ஒலி மாறினாலும் குறி மாறாது. இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் தற்செயலாக ஒரே காஞ்சி அடுத்தடுத்து வந்தால் 々 போடக்கூடாது: 'மின்ஷு ஷுகி' (மக்களாட்சி) என்பதில் 'ஷு' இருமுறை வந்தாலும் முழுதாகவே எழுத வேண்டும்.

〜 'இத்தனையிலிருந்து இத்தனை வரை' என்பதற்கு. கடை வாசலில் 10〜18 என்றிருந்தால் திறந்திருக்கும் நேரம். மாதக்கணக்கில் எண்ணுக்குப் பின் வரும் சின்ன ヶ கண்ணுக்கு 'கே' போலத் தெரியும், வாசிப்பது 'கா'. அட்டவணையில் 〃 வந்தால் மேலே உள்ளதே. ※ வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், கட்டணமோ விதிவிலக்கோ அங்கேதான் எழுதியிருக்கும். மின்னஞ்சல் பொருள் வரியில் முக்கியச் சொல்லை 【 】 உள்ளே போடுவது அலுவலக வழக்கம்.

○ × இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மூர் விடைத்தாளில் ✓ என்றால் சரி. ஜப்பானியப் பள்ளியில் சரிக்கு ○, தவறுக்கு × அல்லது ✓. திருத்திய தாளில் ✓ பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். படிவத்தில் தேர்வு கேட்டால், வேறு குறிப்பு இல்லாதபோது, பொருந்தும் சொல்லைச் சுற்றி ○ போடுங்கள்.

அஞ்சல் குறியீட்டுக்கு முன் வருவது 〒. அந்நாளைய தகவல் தொடர்பு அமைச்சின் பெயரான 'தேய்ஷின்' என்பதன் முதல் எழுத்திலிருந்து 1887இல் வந்த குறி இது. 1998 முதல் குறியீடு 7 இலக்கம்: மூன்று, சிறுகோடு, நான்கு. அஞ்சல் உறையில் ஏழு சிவப்புக் கட்டங்கள் அச்சாகியிருந்தால் 〒 எழுத வேண்டாம், எண்களை மட்டும் நிரப்புங்கள்.

படி 8: கட்டத்தாளில் எழுதிப் பாருங்கள்

'கென்கோ யோஷி' என்பது 20க்கு 20, ஆக 400 கட்டங்கள் கொண்ட தாள். கணினியில் மட்டும் எழுதுபவரும் ஒரு பக்கமாவது இதில் எழுதிப் பார்க்க வேண்டும். பத்தியின் முதல் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு கட்டம், …… மட்டும் இரண்டு. 。」 சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

வரியின் தலையில் 。 、 」 மூன்றும் வரக்கூடாது. வரி நிறைந்து அடுத்து 。 வரவேண்டுமென்றால், கடைசி எழுத்தின் கட்டத்துக்குள்ளேயே அதைச் சேர்த்து எழுதுங்கள். அதேபோல 「 வரியின் கடைசிக் கட்டத்தில் தனியாக நிற்கக்கூடாது, அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த வரியில் தொடங்குங்கள். சின்ன 'ட்சு'வுக்கு இந்தத் தடை இல்லை, அது தனிக் கட்டத்தில் வரித்தொடக்கத்திலும் வரலாம். கணினியில் சொற்செயலியே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், ஆனால் எழுத்துகள் நெருங்கியோ விலகியோ தெரிந்தால் காரணம் இந்த விதிதான். அதைச் சரிசெய்கிறேன் என்று நடுவில் என்டர் தட்டாதீர்கள், அடுத்த திருத்தத்தில் வரிகள் சிதறிவிடும்.