முதல் வரியில் முடிந்துவிடும் விசாரணை

கருவுற்றிருந்தபோது தாய் மதுவோ புகையிலையோ பயன்படுத்திய குழந்தைகளைப் பார்க்கப் புதிதாக வரும் ஆலோசகர்கள், நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே செய்வதைக் கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் காண்கிறேன். தாயைக் கடிந்து பேசக்கூடாது என்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கருவில் நேர்ந்ததே காரணம் என்று நின்றுவிடுவது

‘தாய்க்குக் குடிப்பழக்கம் இருந்தது’ என்று கோப்பின் முதல் வரியில் எழுதிவிட்டால், பிறகு குழந்தை எதைச் செய்தாலும் அது அந்த வரிக்குச் சான்றாகவே தோன்றுகிறது. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டிலிருந்து வந்த 4 வயதுச் சிறுவனை நான் அப்படித்தான் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பமாட்டான், சொன்னதைச் செய்யமாட்டான், பக்கத்துப் பிள்ளையை அடிப்பான். கொழுந்து பறிக்கும் அவன் தாய், குளிருக்கென்று முதல் சில மாதங்கள் பிராந்தி குடித்ததை மறைக்காமல் சொல்லியிருந்தார். நான் அதைக் குறித்துக்கொண்டு கவனப் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். காதில் சீழ் வடிந்து மருத்துவரிடம் போனபோதுதான் அவனுக்கு இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. அதற்குள் பேச்சு வளர வேண்டிய 2 ஆண்டுகள் போய்விட்டன.

“அப்போ நான் குடிச்சதால இல்லையா சார்?” என்று அந்தத் தாய் கேட்டார். மது செவித்திறனையும் பாதிக்கக்கூடும் என்பதால் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும், முதல் நாளே நான் செவிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

கருவில் மது பட்ட குழந்தைகளின் பாதிப்பை அமெரிக்க மருத்துவர்களான ஜோன்ஸும் ஸ்மித்தும் 1973-இல் பெயரிட்டு விளக்கினார்கள்; நினைவாற்றலையும் உந்துதலை அடக்கும் திறனையும் அது குலைப்பது உண்மை. ஆனால் இரத்தசோகையும் தூக்கக்குறைவும் வீட்டு வன்முறையும் இதே நடத்தையைத் தோற்றுவிக்கும். 1980-களில் அமெரிக்காவில், கொக்கெய்ன் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் மீளவே மாட்டார்கள் என்று அச்சம் பரவியது. பிலடெல்பியாவில் மருத்துவர் ஹாலம் ஹர்ட் அத்தகைய குழந்தைகளையும், அதே வறிய சூழலில் வளர்ந்த மற்றக் குழந்தைகளையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டபோது, அறிவுத்திறனில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றாகவே பின்தங்கியிருந்தனர். கொக்கெய்னைவிட வறுமையே பெரிதாக அழுத்தியிருந்தது. இதை அறிந்த பின்னும் முதல் வரியோடு நின்றுவிடும் கோப்புகளைக் காணும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

முகத்தைப் பார்த்து முடிவு செய்வது

மதுவால் பாதிக்கப்பட்ட பெரும்பாலான குழந்தைகளின் முகத்தில் எந்த அடையாளமும் இருப்பதில்லை.

வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வது

வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து.

தண்டனையைக் கூட்டுவது

நேற்றைய தண்டனையை இன்றைய செயலோடு பொருத்திப் பார்க்க இயலாத குழந்தைக்கு, இன்னும் கடுமையான தண்டனை எதையும் கற்பிக்காது. ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைச் சொல்லுங்கள். அங்கன்வாடியிலும் வீட்டிலும் அதே சொற்களால் சொல்லுங்கள்.