நெட்வேர்க் ஃபைல்சிஸ்டத்தில் ஃபைல் அளவு கெடுகிறதா? திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் விடிய விடிய ஆடும் ஒரு வடமோடிக் கூத்தைப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ நேரே சேர்வருக்குப் போகிறது. காலையில் திறந்தால் கடைசிக் கட்டம் இல்லை. எழுதும்போது எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கூத்தை நடத்தும் அதே அண்ணாவியாரோடு அதே ஆட்டக்காரர்கள் அந்த இரவை இன்னொரு முறை ஆடித்தரப் போவதில்லை.

இதற்குக் காரணம் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் உள்ள நெட்வேர்க் ஃபைல்சிஸ்டம் கிளையன்டாகவும் இருக்கலாம்; சேர்வரில் உள்ள ஃபைலை உங்கள் கணினியில் இருப்பது போலவே திறந்து எழுத விடுவது அதுதான். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமாரில், கேர்னலின் கோடுக்குள் (நிரலுக்குள்) இறங்க நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சேர்வரிலும் கிளையன்டிலும் அதே ஃபைலின் அளவை பைட் கணக்கில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைச் செய்யாமல் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். 5 ஜிபி ஃபைல் சரியாக 1 ஜிபி என்று காட்டினால், 64 பிட் எண்ணை எங்கோ 32 பிட் மாறியில் போட்டிருக்கிறார்கள். 4,294,967,296 பைட் கழிந்துவிட்டது. அந்த மாறியைத் தேடிப் பிடித்தால் வேலை முடிந்தது. வித்தியாசம் ஒவ்வொரு முறையும் மாறினால்தான் கதை பெரிது.

அந்தப் பெரிய கதை இதுதான். சேர்வரில் ஃபைல் 8192 பைட். உங்கள் புரோகிராம் கடைசியில் இன்னும் 4096 பைட் சேர்க்கிறது. அது கிளையன்டின் கேஷில், அதாவது சேர்வருக்கு அனுப்பும்வரை தரவை வைத்திருக்கும் நினைவகத்தில், நிற்கிறது. அளவு 12288 ஆகிவிட்டது, சேர்வருக்கு இன்னும் தெரியாது. அந்த நேரம் பார்த்து வேறொரு புரோகிராம் ஃபைலின் விவரம் கேட்க, சேர்வர் தனக்குத் தெரிந்த 8192-ஐச் சொல்கிறது. கிளையன்ட் அதை அப்படியே தன் ஐ-சைஸில் (ஃபைலின் அளவைக் கேர்னல் குறித்துவைக்கும் இடம்) எழுதிவிடுகிறது. கேஷ் தரவை பேஜ் என்ற துண்டுகளாக வைக்கிறது; இங்கே ஒரு பேஜ் 4096 பைட். இப்போது கடைசி பேஜ் ஃபைலின் எல்லைக்கு வெளியே. கேஷில் உள்ளதைச் சேர்வருக்கு அனுப்பும் கோடு, எல்லைக்கு வெளியே உள்ள பேஜைத் தேவையில்லாதது என்று விட்டுவிடும். அடுத்து வரும் எழுத்தும் 8192-இலேயே தொடங்கும். நடுவில் இருந்த 4096 பைட் போய்விட்டது. சேர்வர் பொய் சொல்லவில்லை; கலியாணம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த அழைப்பிதழ் மாதிரி, அதன் பதில் காலம் கடந்தது.

இதைக் கண்டவுடன் பலரும் எழுதும் திருத்தம், ‘சேர்வர் சொல்லும் அளவு சிறியதாக இருந்தால் ஏற்காதே’ என்ற ஒற்றை வரி. அது ஆபத்தானது. இன்னொரு கணினி உண்மையிலேயே ஃபைலைச் சுருக்கியிருந்தால், உங்கள் கிளையன்ட் இல்லாத தரவை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். எப்போதும் சேர்வரையே நம்பினால் மேலே சொன்ன இழப்பு. எந்த நிலையில் யார் சொல்வது சரி என்பதைக் கோடில் வெளிப்படையாக எழுத வேண்டும். எஸ்எம்பி, என்எஃப்எஸ் இரண்டும் பரவலாகப் பயன்படும் நெட்வேர்க் ஃபைல்சிஸ்டங்கள். லினக்ஸின் எஸ்எம்பி கிளையன்ட், ஃபைல் எழுதுவதற்காகத் திறந்திருக்கும்வரை பொதுவாக அளவு கூடுவதை மட்டும் ஏற்கிறது. என்எஃப்எஸ் கிளையன்ட் விவரம் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தொடக்கத்திலேயே ஒரு வரிசை எண் கொடுக்கிறது. பதில் பழையதா என்று அதை வைத்து முடிவெடுக்கலாம். இந்த இரண்டு கோடையும் வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

விதி சரியாக இருந்தும் பூட்டில் (லொக்) பிழை வரலாம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் ஒன்றை, மட்டும் உள்ளே விடுவதுதான் பூட்டு. சரிபார்ப்பதும் எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்காவிட்டால், இரண்டுக்கும் இடையில் இன்னொரு த்ரெட் அளவை மாற்றிவிடும். 32 பிட் கணினியில் இது இன்னும் மோசம். அங்கே ஐ-சைஸை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால், அதை வாசிக்க வருகிற த்ரெட் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே நிற்கக்கூடும்.

எண்ணை மட்டும் மாற்றி பேஜ்களை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஃபைலை 5000 பைட்டுக்குச் சுருக்கினால், இரண்டாவது பேஜில் 904 பைட்தான் ஃபைலுக்குச் சொந்தம்; மீதி 3192 பைட்டைப் பூச்சியமாக்க வேண்டும். விட்டால், ஃபைல் மறுபடி வளரும்போது பழைய தரவு வெளியே வரும்.

அப்புறம் சோதனை. அதே கணினியில் கொப்பி செய்து அதே கணினியில் ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது உங்கள் கேஷைத்தான். சேர்வரின் இணைப்பை விடுவித்து (அன்மவுண்ட்) திரும்ப இணையுங்கள் (மவுண்ட்), அல்லது சேர்வரிலேயே ஒப்பிடுங்கள். ஃபைல்சிஸ்டங்களைச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் உள்ள எஃப்எஸ்எக்ஸ் என்ற புரோகிராம், எழுதுதல், சுருக்குதல், எம்மேப் (ஃபைலை நினைவகம் போல அணுகுவது) எல்லாவற்றையும் கலந்து அடிக்கும். அதை நீண்ட நேரம் ஓட விடுங்கள். லினக்ஸின் டிசி கட்டளையில் உள்ள நெட்எம் வசதி மூலம் நெட்வேர்க்கில் தாமதம் சேர்த்தால் பிழை சீக்கிரம் தலைகாட்டும். சேர்வர் சொன்ன அளவு போன்ற விவரங்களைச் சிறிது நேரம் வைத்திருக்கும் விவரக் கேஷை நிறுத்தியதும் பிழை மறைந்தால் அதைத் திருத்தம் என்று எடுக்காதீர்கள். என்எஃப்எஸ்ஸில் சாதாரண ஃபைலுக்கு அந்தக் கேஷ் வழக்கமாக 3 முதல் 60 விநாடி வரை நிற்கும். அதை நிறுத்தினால் நேரக்கணக்கு மாறும், கோடில் உள்ள ஓட்டை அப்படியே இருக்கும்.

உங்கள் திருத்தத்தை (பேட்ச்) கேர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பும்போது எந்த த்ரெட் எதை எந்த வரிசையில் செய்தது என்பதை வரி வரியாக விளக்கத்தில் எழுதுங்கள். பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றத்தை ‘ஃபிக்ஸஸ்’ வரியில் காட்டி, பழைய கேர்னல்களுக்குத் திருத்தங்களைக் கொண்டுசேர்க்கும் ஸ்டேபிள் கேர்னல் குழுவுக்கும் பிரதி போடுங்கள்; பெரும்பாலான சேர்வர்களும் கிளையன்டுகளும் ஓடுவது பழைய கேர்னலில்தான். அந்தப் பிழையோடு எழுதப்பட்ட ஃபைல்களைப் பேட்ச் மீட்டுத் தராது. மூலப்பிரதி கமராவின் கார்டில் இன்னும் இருந்தால், அதை அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.